காருக்குக் கண்ணாடி கேட்டு வந்தவருக்கு

காக்கா,

இன்று காலை அரண்மனை வாசல் பக்கம் ஒரு வேலையாகப் போயிருந்தேன். வண்டிகளுக்கு சீட் தைக்கிற கடையில் அப்போதுதான் ரப்பர் பசை டப்பாவைத் திறந்திருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் கால் தானாக நின்றுவிட்டது. கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், ஸ்கூட்டருக்கு சீட்டு மாத்தணுமா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டு நடந்தேன்.

கடைக்கு வந்து ஷட்டரைத் தூக்கி, அலமாரிக் கண்ணாடிகளைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். சட்டையில் அந்த வாடை ஒட்டிக்கொண்டு வந்ததுபோலவே இருந்தது. மற்றவர்களுக்கு அது தலைவலி தருகிற வாடை. எனக்கு அது கீழக்கரையில் உங்கள் வீட்டுக் கொல்லைக் கொட்டகை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உங்கள் சிரிப்பு. கூடவே, நீங்கள் போனதிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கும் ஒரு கனம். அதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. உங்கள் மனைவியிடம், லாத்தாவிடம்கூட, பாதிதான் சொன்னேன். மீதியை உங்களிடம் சொல்லலாம் என்றுதான் எழுதுகிறேன்.

நீங்கள் முதன்முதலாக என் கடைக்கு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. துணிப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து, அதற்குள் பொத்தி வைத்திருந்த சின்ன வட்ட மீட்டரை மேசையில் வைத்தீர்கள். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுகிற மீட்டர். முகப்புக் கண்ணாடி நொறுங்கி, முள் மட்டும் துருவோடு நின்றது.

"தம்பி, இதுக்கு ஒரு கண்ணாடி வேணும்."

"இது மூக்குக் கண்ணாடி கடைங்க. பவர் பார்ப்போம், பிரேம் போடுவோம்."

"தெரிஞ்சுதான் வாரேன். வட்டமா கண்ணாடி அறுக்குற மெசினு ராம்நாட்டுல வேற யாருட்ட இருக்கு? கண்ணு எனக்கில்ல தம்பி, காருக்கு."

சிரித்துவிட்டேன். பவர் இல்லாத வில்லை ஒன்றை எடுத்து அளவுக்கு அறுத்து, ஓரம் தேய்த்துப் பொருத்திக் கொடுத்தேன். அது கச்சிதமாக உட்கார்ந்தபோது நீங்கள் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "இது எங்க போயி உக்காரப் போவுதுன்னு ஒருக்க வந்து பாருங்க" என்றீர்கள். அடுத்த ஞாயிறு கீழக்கரை பஸ்ஸில் ஏறினேன். உங்கள் தெருவில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நானும் உங்களைக் காக்கா என்று கூப்பிடத் தொடங்கினேன். அதற்குப் பிறகு மழையும் திருவிழாவும் தவிர எந்த ஞாயிறும் வீட்டில் இருந்ததாக நினைவில்லை.

துபாயில் ஒரு பணக்கார அரபியின் கார் கொட்டகையில் சாமான்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் நீங்கள். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களாகச் சேர்த்து வைத்திருந்த மனிதர் அவர். இளமை முழுக்க அந்தக் கார்களின் கதவைத் திறந்து மூடியிருக்கிறீர்கள். உள்ளே உட்கார்ந்ததே இல்லை. "சீட்டு அழுக்காயிரும்னு விட மாட்டாங்க. கதவத் தொறந்து வாசத்த மட்டும் பிடிப்பேன் தம்பி. தோலு, மரம், கம்பளி எல்லாஞ் சேந்து ஒரு வாசம். அத எழுதி எப்படி வீட்டுக்கு அனுப்புறது?" என்று சொல்லியிருக்கிறீர்கள்.

ஊருக்குத் திரும்பி வந்த பிறகு, தேவகோட்டைப் பக்கம் ஒரு பழைய பங்களாவின் பின்கட்டில் அந்த இரண்டு சீட் கார் கிடப்பதைக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தீர்கள். கோழி அடைகிற இடமாக இருந்ததாம். சிவப்பு வெளுத்து, கூரைத் துணி மக்கி, டயர் மண்ணோடு மண்ணாகக் கிடந்த வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தபோது தெருவே கூடி நின்று சிரித்ததாக லாத்தா சொல்வார்கள். எஞ்சினுக்கு மதுரை மெக்கானிக் ஒருவர் வந்து உயிர் கொடுத்துவிட்டார். உள்பக்கத்துக்கு மட்டும் அவர், "ரெண்டு நாள்ல ரெக்சின் அடிச்சுத் தந்துருவேன்" என்றார். நீங்கள் வேண்டாம் என்றுவிட்டீர்கள். பழைய சீட்டில் மிச்சமிருந்த ஒரு துண்டுத் தோலில் நெடுக்காக வரிவரியாகத் தையல் இருந்தது. அதேபோல, தோலில், கையால் நாமே தைக்க வேண்டும் என்பது உங்கள் ஆசை. நமக்கோ இரண்டு பேருக்கும் பொத்தான் தைப்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

எவ்வளவு அசட்டுத்தனம் பண்ணினோம். சீட்டைக் கழற்றியதும் உள்ளேயிருந்து எலிக்கூடும் தேங்காய் நாரும் கொட்டின. ஸ்பிரிங்கைத் தொட்டால் கையோடு வந்தது. உப்புக் காற்றில் ஊறி அப்பளம்போல உப்பியிருந்த கதவுப் பலகையை வெயிலில் காயவைத்தோம். அது இன்னும் வளைந்துகொண்டது. போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தரைக் கம்பளம் வெட்டினோம். பசை தடவி அமுக்கும்போது என் முழங்காலும் அதோடு ஒட்டிக்கொண்டது. நீங்கள் சிரித்துச் சிரித்து இருமல் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். லாத்தாவின் தையல் மிஷினில் தோலை வைத்து ஓட்டி ஊசி முறிந்த அன்று, அடுப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஆம்பளைக ரெண்டு பேரும் காருக்கு மெத்த தைக்கிறீக. வீட்டு மெத்தயில பஞ்சு வெளிய வந்து கெடக்கு."

"அதயுந் தச்சுருவோம் புள்ள. இது பழக்கத்துக்கு" என்றீர்கள்.

அப்புறம்தான் கோணி ஊசியும் மெழுகு நூலுமாகக் கையிலேயே தைப்பது என்று முடிவானது. வலது பக்கம், ஓட்டுகிறவர் சீட் எனக்கு. இடது பக்கம் உங்களுக்கு. அதில் நீங்கள் விட்டுக்கொடுக்கவே இல்லை. "அவ உக்காரப் போற சீட்ட நாந்தான் தைப்பேன்" என்றீர்கள். முடிந்ததும் லாத்தாவை அதில் உட்காரவைத்துத் தனுஷ்கோடி வரைக்கும் ஓட்டிப் போக வேண்டும். கல்யாணமாகி உங்கள் வாழ்க்கையில் பாதிக்கு மேல் அக்கரையில் போய்விட்டது. அவரோடு சேர்ந்து எங்கேயும் போனதில்லை என்று சொல்லும்போது உங்கள் குரல் இறங்கிவிடும்.

என் சீட் நன்றாக வந்தது. என் தொழில் அப்படி. ஒரு கோட்டை இம்மி விலகாமல் தேய்த்துப் பழகிய கை. உங்கள் சீட் கோணியது. வரிகள் மேலே சரியாகத் தொடங்கி, நடுவில் வயிறு தள்ளி, கீழே வந்து சேரும். முதல் தடவை இருவரும் சிரித்தோம். பிரித்துவிட்டுத் திரும்பத் தைத்தீர்கள். மறுபடியும் அதே வயிறு.

"பாருங்க காக்கா, எவ்வளவு கோணல்."

"நேராத்தான இருக்கு? உங்க சீட்டுதான் நடுவுல நெளியிற மாதிரி இருக்கு."

விளையாட்டுக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். கடையிலிருந்து இரும்பு ஸ்கேல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். இதை வைத்துக் கோடு போட்டுக்கொண்டு தையுங்கள் என்றேன். அதைக் கையில் வாங்கி, முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "இந்த ஸ்கேலே வளஞ்சிருக்கே தம்பி. வெயில்ல கெடந்துச்சோ?"

நான் சிரித்தேன் காக்கா. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன். கடைக்கு வந்து என் மனைவியிடமும் சொல்லிச் சிரித்தேன்.

ஸ்கேலை வைத்துப் போட்ட கோட்டின் மேல்கூட உங்கள் ஊசி ஓரிடத்தில் விலகியது. அப்போது எனக்குப் பொறுமை போய்விட்டது. "உங்களுக்குக் கவனமே இல்ல காக்கா. தோலு வீணாகுது. ஓட்ட போட்டா போட்டதுதான்" என்றேன். உங்கள் முன்னாலேயே பிளேடை எடுத்து நூலை வெட்டி வெட்டி இழுத்தேன். நீங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்களே தச்சுருங்க தம்பி. எனக்குக் கை வரல" என்றீர்கள். கோபம் இல்லை. அலுப்பு மாதிரி ஒரு குரல். அதையும் நான் கேட்டும் கேட்காததுபோல விட்டுவிட்டேன். வேலை இனி சரியாக நடக்கும் என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட இருந்தது.

புதுத் தோலையும் அந்த ஸ்கேலையும் ராமநாதபுரத்துக்கு எடுத்து வந்தேன். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒரு வரி, இரண்டு வரி என்று தைத்தேன். மழைக்காலம் முழுக்க அப்படியே போயிற்று. நான் வரும்போதெல்லாம் முதல் கேள்வியாக, "ஆச்சா தம்பி?" என்பீர்கள். "அவசரப்பட்டா அசிங்கமாயிரும் காக்கா" என்பேன். நீங்கள் தலையாட்டிவிட்டு, முகப்புப் பலகையின் மரத்தைத் தேய்க்கப் போய்விடுவீர்கள். தேநீர் டம்ளரை எடுக்கக் கையால் துழாவியதைப் பார்த்தேன். வாசல்படியில் காலால் தடவி இறங்கியதைப் பார்த்தேன். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தை பிறந்து கொஞ்ச நாளில் உங்கள் மகள் போன் செய்தாள். விடியற்காலை பஜ்ர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டீர்கள் என்றாள். நெஞ்சு. ஆஸ்பத்திரியில், சர்க்கரை மிக அதிகம், பல வருஷமாகவே இருந்திருக்க வேண்டும், அதனால் வலிகூடத் தெரிந்திருக்காது என்றார்களாம். சர்க்கரை இருந்ததே வீட்டில் யாருக்கும் தெரியாது. நீங்கள் ஊசிக்கும் டாக்டருக்கும் பயந்து ஓடுகிற ஆள். உங்கள் மையத்தை அடக்கத்துக்கு எடுத்துக்கொண்டு போகும்போது கூட்டத்தின் கடைசியில் நானும் நடந்தேன். ஒரு பிடி மண் போட்டேன். பைக்குள் உங்கள் சீட்டின் முடியாத தோல் இருந்தது. அன்று கடைக்குப் போகும் வழியில் செய்தி வந்ததால் அதோடேயே வந்திருந்தேன்.

அது வரைக்கும் அது வெறும் துக்கம்தான் காக்கா. அழுதால் கொஞ்சம் குறைகிற துக்கம்.

சில மாதம் கழித்து, ஆர்.எஸ்.மங்கலத்துப் பக்கமிருந்து ஒரு விவசாயி மகளோடு கடைக்கு வந்தார். கண்ணாடி மாற்ற வேண்டும் என்றார். என்ன தொந்தரவு என்று கேட்டேன்.

"கதவு நெலையெல்லாம் நெளிஞ்சு தெரியுதுய்யா. பஸ்ஸு கம்பி வளஞ்சு வளஞ்சு போவுது. நடுவுல மட்டும்."

ஒரு கண்ணை மூடச் சொல்லி, கட்டம் போட்ட அட்டையைக் காட்டினேன். கட்டங்கள் நடுவில் வளைகின்றன என்றார். "கண்ணாடி மாத்தி பிரயோஜனமில்ல. இது உள்ள விழித்திரையில வர்ற கோளாறு. இன்னைக்கே கண் டாக்டர்ட்ட போங்க. சர்க்கரையும் பாக்கச் சொல்லுங்க" என்றேன். வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிய வார்த்தைகள். டாக்டர் பெயரைத் துண்டுக் காகிதத்தில் எழுதத் தொடங்கிய கை பாதியில் நின்றுவிட்டது. மேசையில் அந்த இரும்பு ஸ்கேல் கிடந்தது.

அந்தப் பெண், "என்ன சார், அய்யாவுக்கு ரொம்ப மோசமா?" என்று பயந்து கேட்டாள். இல்லைம்மா, சரியான நேரத்தில் வந்திருக்கிறீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். அன்று அதற்கு மேல் கடை நடத்த முடியவில்லை.

நேராக இருப்பது வளைந்து தெரிகிறதா என்று என் கடைக்கு வருகிற நடுத்தர வயதுக்காரர் எல்லாரிடமும் கேட்பேன். உங்களிடம் கேட்டதில்லை. நீங்கள் என் முன்னால், கண் பார்க்கும் நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. துபாயில் போட்ட கண்ணாடியையே மூக்கில் மாட்டிக்கொண்டு திரிந்தீர்கள். கேட்கவேண்டிய அவசியமும் இல்லாமல் நீங்களே வாய்விட்டுச் சொன்னீர்கள். ஸ்கேல் வளைகிறது என்று கண்ணாடிக் கடைக்காரனிடம் சொன்னீர்கள்.

எனக்குத் தெரிந்த கண் டாக்டர் ஒருவரிடம் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அன்னைக்கே வந்திருந்தா சர்க்கரை இருக்குறது தெரிஞ்சிருக்கும். அதுக்கப்பறம் என்ன நடந்திருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. மனசப் போட்டு உழப்பிக்காதீங்க" என்றார். அவர் சொன்னதில் முதல் வாக்கியம் மட்டும்தான் என்னோடு வீட்டுக்கு வந்தது.

லாத்தாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று கீழக்கரைக்குப் போனேன். கணவனை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கும் இத்தா காலம் முடிந்திருந்தது. கொட்டகை வாசலில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு லாத்தா நின்றார்கள், பக்கத்தில் மகள். காரைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். நான் நின்றபடியே சொன்னேன். ஸ்கேலைப் பற்றி, அது என்ன நோயின் அடையாளம் என்பதைப் பற்றி, நான் சிரித்ததைப் பற்றி.

"இதச் சொல்லவா தம்பி வந்தீக?" என்றார்கள் லாத்தா. பிறகு, "அவுகளுக்குக் கண்ணு சரியில்லன்னு எனக்குத் தெரியும்" என்றார்கள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"குர்ஆன் ஓதயில எழுத்து நெளியுதும்பாக. தம்பிட்ட காட்டுங்கன்னு நானும் சொன்னேன். 'வேணாம் புள்ள, அவரு கண்டா வண்டியத் தொடவே விடமாட்டாரு. சீட்டு முடியட்டும். ஒரு தடவ உன்னய ஏத்திக்கிட்டு தனுஷ்கோடி போயிட்டு வந்துருவோம். வந்த மறுநாளே போயிக் காட்டிருவேன்'னாக. இன்னைக்கு முடியும், நாளைக்கு முடியும்னு பாத்துக்கிட்டே இருந்தாக. அந்தச் சீட்டுதான் முடியவே மாட்டேன்னுருச்சு."

குறையாகச் சொல்லவில்லை. உங்கள் பிடிவாதத்தை நினைத்து லேசாகச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அந்த சீட் ஏன் முடியவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. கோணலாக இருந்தால்தான் என்ன, உங்கள் தையலையே மாட்டியிருந்தால் மழைக்கு முன்பே நீங்கள் போய் வந்திருப்பீர்கள். வந்த மறுநாள் என் கடை நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள். நான்தான் பிரித்தேன். நான்தான் அவசரப்படாதீர்கள் என்றேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உள்ளே போயிருந்த மகள் தேநீரோடு வந்தாள். டம்ளரை வாங்கிக் குடித்தேன். குடித்து முடித்தபோது சொல்லும் தைரியம் போய்விட்டது. இதுதான் காக்கா நான் லாத்தாவிடம் சொல்லாத பாதி.

புறப்படும்போது லாத்தா, "வண்டிய வித்துரலாம்னு மகன் சொல்றான். நான் வேணாம்னுட்டேன். அவுக தொடங்குனத நீங்க முடிச்சுக் குடுத்துருங்க" என்றார்கள். நான் ஒன்று மட்டும் கேட்டேன். லாத்தாவும் மகளும் வந்து கண்ணையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றேன். அடுத்த வாரமே வந்தார்கள். லாத்தாவுக்குக் கட்டங்கள் நேராகத் தெரிந்தன. லேசாகச் சர்க்கரை இருந்தது. மாத்திரை சாப்பிடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி கீழக்கரை பஸ் ஏறுகிறேன். இடது பக்கத்து சீட்டை முடித்துப் பொருத்திவிட்டேன். கோடு பிடித்ததுபோல வந்திருக்கிறது. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் கோணல் தையலில் ஒரு வரியாவது மிச்சம் வைத்திருக்கலாம். எல்லாத் தோலையும் நானே கத்தரித்து எறிந்திருந்தேன்.

இதைவிடச் சொல்லக் கூசுவது ஒன்று இருக்கிறது. வேலை செய்யும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது காக்கா. பசை காய்கிற பதம் பார்த்து, தோலை இழுத்து, மூலையில் சுருக்கமில்லாமல் மடிக்கிற அந்தக் கொஞ்ச நேரம் வேறு எதுவும் தோன்றுவதில்லை. கை கழுவும்போதுதான் உறைக்கிறது. உங்களுக்குக் கிடைக்காத சந்தோஷத்தை உங்கள் கொட்டகையிலேயே உட்கார்ந்து அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிறு வலது கதவின் உள்பலகை முடிந்தது. கடைசி ஆணியை அமுக்கிவிட்டுப் பின்னால் தள்ளி நின்று பார்த்தேன். நாம் இதுவரை செய்ததிலேயே அதுதான் சிறப்பு. என்னையறியாமல், "காக்கா, பாருங்க" என்று சத்தமாகக் கூப்பிட்டுவிட்டேன்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு லாத்தா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். மகளும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றாள். லாத்தா கதவருகில் குனிந்து பலகையை மேலிருந்து கீழ்வரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்கள்.

"நல்லா இருக்கு தம்பி" என்றார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன். அந்தக் கொட்டகையில் எத்தனை தடவை உங்களைப் பார்த்து, பாருங்க காக்கா, பாருங்க காக்கா என்று சொல்லியிருப்பேன். உங்களுக்கு என்ன தெரிகிறது என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.